மணலும் திரையும்: மழலைக் கல்விக் கருவிகளின் வரலாறு

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியபோது ஒரு வினா எழுந்தது. ஞாயிறுதோறும் நடைபெறும் குழந்தைகள் தமிழ் வகுப்புக்குப் பெரிய ஒளித்திரை ஒன்று வாங்குவதா, வேண்டாவா என்பதே அது. "இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் திரை இருந்தால்தான் பாடம் ஏறும்" என்றார் ஓர் அன்பர். "வீட்டில் பார்க்கும் திரை போதாதா, இங்கும் வேண்டுமா?" என்றார் மற்றோர் அன்பர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தமையால் முடிவு எட்டாமல் கூட்டம் கலைந்தது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் அலுவலகப் பதிவேட்டில் காலங்கழிக்கும் நாம் கல்வித் துறையில் தீர்ப்புக் கூறத் தகுதி உடையவர் அல்லர். எனினும், குழந்தைக்கு எழுத்தறிவிக்க மனிதர் கையாண்ட கருவிகள் எவை, அவற்றுள் எவை பயன் தந்தன என்று பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. அவ்வாறு பார்த்ததில் தெரியவந்த சிலவற்றை இம்மலரில் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதற் கருவி மணல். நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை முதியோர் பலரும் நினைவு கூர்வர். ஆசிரியர் தரையில் மணலைப் பரப்புவார். குழந்தையின் ஆட்காட்டி விரலைப் பிடித்து எழுத்தை வரைவிப்பார். குழந்தை அவ்வெழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒரு தடவல். மணல் மீண்டும் வெறுமையாகும். எழுத்துப் பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். கண் எழுத்தைக் காண, விரல் அதன் வளைவை உணர, வாய் அதன் ஒலியை உரைக்க, காது அதனைக் கேட்க, நான்கு வாயில்களும் ஒருசேரத் திறந்திருந்தன. செலவோ ஒன்றுமில்லை. ஆற்றங்கரை ஊர்களில் மணலுக்கா பஞ்சம்?

இந்த எளிய முறை கடல் கடந்து சென்ற கதை வியப்புக்குரியது. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். 1789-இல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் மேற்பார்வையாளர் ஆனார். எழும்பூர் அரணில் அப்பள்ளி இயங்கிற்று. அவ்வரண் இருந்த இடத்தில்தான் பிற்காலத்தில், 1908-இல், எழும்பூர் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அந்நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

பெல்லின் பள்ளியில் பிள்ளைகள் அகர வரிசையை அறியவே நெடுங்காலம் ஆயிற்று. ஒருநாள் காலை அவர் குதிரைமீது செல்கையில், 'மலபார்' பள்ளி ஒன்றில் குழந்தைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரைப் பெரும்பாலும் மலபார் மக்கள் என்றே குறிப்பிட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கண்டவர் தம் பள்ளிக்குத் திரும்பி, அவ்வாறே மணலில் எழுத்துக் கற்பிக்குமாறு கீழ் வகுப்பு ஆசிரியருக்குக் கட்டளையிட்டார். ஆசிரியரோ 'இஃது இயலாது' என்று கைவிரித்தார். பெல் மனந்தளரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, அவனையே அச்சிறார்க்கு ஆசானாக்கினார். அவன் கற்பித்தான், குழந்தைகள் கற்றன. பெரியவரால் இயலாதது சிறுவனால் இயன்றது எவ்வாறு? அவன் அவர்களுக்கு நிகராகத் தரையில் அமர்ந்தான். ஒவ்வொரு விரலையும் கவனித்தான். தவற்றை அப்போதே திருத்தினான். மணலும் சட்டாம்பிள்ளையும் சேர்ந்தே இந்த வெற்றியைத் தந்தன என்பதை அன்பர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

1796-இல் பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு இலண்டனில் தம் சென்னைச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அம்முறை 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனை ஒத்த முறையில் இலண்டனில் பள்ளி நடத்தினார்; அங்கும் கடைசி வகுப்புப் பிள்ளைகள் மணல் பரப்பிய மேசைகளில் எழுதினர். காகிதமும் இறகுப் பேனாவும் விலை உயர்ந்த அந்நாளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மணல் பெருங்கொடையாயிற்று. பெல் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயருடனேயே விளங்குகின்றது.

ஆயின் அக்கதையின் பின்பகுதி அவ்வளவு இனிதன்று. செலவு குறைவு என்ற ஒன்றையே பெரிதாகக் கருதியவர்கள், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிரப்பி, ஓர் ஆசிரியரை மட்டும் மேடையில் நிறுத்தினர். மணியடித்தால் எழுதுவது, மணியடித்தால் அழிப்பது என்று கல்வி ஓர் இயந்திரச் சுழற்சியாயிற்று. திண்ணையில் குழந்தையின் விரலைப் பிடித்த கை அங்கு இல்லை. நாளடைவில் அம்முறை மதிப்பிழந்தது. மணல் அதே மணல்தான். அருகிலிருந்த ஆள்தான் விலகிவிட்டார்.

நிற்க. ஐரோப்பாவில் வேறு கருவிகளும் தோன்றின. கொமேனியஸ் என்னும் அறிஞர் 1658-இல் நூரம்பர்க் நகரில் குழந்தைகளுக்கான படநூல் ஒன்றை வெளியிட்டார். இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அச்சாகி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம் அமைந்த நூல் அது. பொருளைக் கண்ணாற் காட்டிச் சொல்லைக் காதில் சேர்ப்பது அவர் நோக்கம். இன்று கைப்பேசியில் யானை படம் தோன்றி 'யானை' என்று ஒலிப்பதற்கு முன்னோடி அந்நூலே எனலாம்.

அவருக்குப் பின், பிரோபெல் என்னும் ஜெர்மானியப் பெரியார் 1837-இல் பிளாங்கென்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயரிட்டார். வண்ணக் கம்பளி நூற்பந்துகள், மர உருண்டை, உருளை, கனசதுரம், எட்டுத் துண்டுகளாகப் பிரியும் மரக்கட்டை ஆகியவற்றை முறையாக அமைத்து 'கொடைகள்' என அழைத்தார். 1851-இல் பிரஷ்ய அரசு அவருடைய பள்ளிகளைத் தடை செய்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். 1860-இல்தான் தடை நீங்கியது. குழந்தை பந்தை உருட்டுவதிலும் அரசாங்கம் அபாயம் கண்ட காலம் அது!

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ரோமாபுரியின் ஏழைப் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். அவருடைய கருவிகளுள் ஒன்று நம் கவனத்தை ஈர்க்கின்றது. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டிப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே எழுத்தின் ஒலியைச் சொல்லும். நம் திண்ணை மணலின் தத்துவமே அதுவும். அந்த அம்மையார் 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், அன்றைய ஆங்கில அரசு அவர் மகனாரைக் காவலில் வைத்தது. அம்மையாரும் அடையாற்றை விட்டு அகலக் கூடாதாயிற்று. அவருடைய 70-ஆம் பிறந்த நாளன்று மகனார் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றி, போர் முடிந்த பின் 1946-இல் ஐரோப்பா திரும்பினார். விரலால் எழுத்தைத் தடவிக் கற்கும் கலை தமிழ் நாட்டிலிருந்து பெல் வழியாக மேற்கே சென்று, ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறு வழியில் தமிழ் நாட்டுக்கே திரும்பி வந்தது போலத் தோன்றுகின்றது அன்றோ?

ஆனால் மாண்டிசோரி கருவிகள் விலை மிக்கவை. அவற்றை ஏழை இந்தியாவின் முற்றத்துக்குக் கொண்டு வந்த பெருமை, நாம் குடியிருக்கும் இம்மேற்குப் பகுதியைச் சேர்ந்த பெரியோர்க்கே உரியது. குஜராத்தில் வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேக்கா 1920-இல் பாவநகரில் பாலமந்திரம் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், பின்னர் மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி கிராமத்திலும், 1957 முதல் கோஸ்பாட் குன்றிலும் பழங்குடிக் குழந்தைகளுக்காகப் பள்ளிகள் நடத்தினார். மும்பையிலிருந்து குஜராத் செல்லும் ரயில் பாதையில் தஹாணு ரோடு நிலையத்தை நம்மவர் பலர் கடந்திருப்பர். அதனருகே உள்ளதுதான் கோஸ்பாட். குழந்தைகள் பள்ளிக்கு வாரா எனில் பள்ளி குழந்தைகளிடம் செல்லட்டும் என்று, குடிசைகளின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார் அம்மையார். விலை உயர்ந்த மரக்கருவிகளுக்கு ஈடாக, அவ்வூரில் கிடைத்த விதைகளும் கூழாங்கற்களும் கிளிஞ்சல்களும் எண்ணும் எழுத்தும் கற்பித்தன. அங்கண் என்றால் முற்றம். முற்றத்துப் பள்ளி என்னும் பொருள்படும் அங்கன்வாடி என்ற சொல் இன்று இந்தியா முழுவதும் வழங்குகின்றது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அப்பெயரை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது.

அதே 1975-இல்தான் திரையும் கிராமத்துக் குழந்தையின் முன் வந்து நின்றது. அறிஞர் விக்ரம் சாராபாய் கண்ட கனவின் விளைவாக, 1969-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக, ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையைக் கொண்டு செய்த குடை போன்ற வானலை வாங்கிகள் பள்ளிக்கூட வாயில்களில் நின்றன. காலையில் பள்ளிச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகள், மாலையில் ஊரார்க்கானவை. அதனை உலகமே வியந்து நோக்கியது. ஆனால் காலை நிகழ்ச்சியோ 5 வயது முதல் 12 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. குழந்தை ஐயம் கேட்டால் பெட்டி விடை கூறாது. விளங்காத இடத்தில் நிற்காது. இதனை உணர்ந்தே போலும், அத்திட்டம் அவ்வோராண்டில் ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தது. திரையை ஏற்றியவர்களே ஆசிரியரை மறக்கவில்லை.

அதற்கு முன்பே, 1969 நவம்பர் 10-ஆம் நாள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'செசமி ஸ்டிரீட்' என்னும் நிகழ்ச்சி பள்ளி செல்லும் பருவம் எய்தாத குழந்தைகளுக்கென்றே தொடங்கியது. துணிப் பொம்மைகள் எழுத்தும் எண்ணும் சொல்லித் தரும் நிகழ்ச்சி அது. முதல் ஆண்டின் முடிவில் நடந்த ஆராய்ச்சி, அதனை மிகுதியாகப் பார்த்த குழந்தைகள் எழுத்தும் எண்ணும் மிகுதியாகக் கற்றன என்று காட்டிற்று. திரையால் பயனில்லை என்போர் இதனை மறுக்க இயலாது. ஆனால் அதே ஆராய்ச்சியில், மிகுதியாகக் கற்ற குழந்தைகளின் தாய்மார் உடனிருந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிக் குழந்தையோடு பேசியவர்கள் என்பதும் தெரிய வந்தது. திரையே போதும் என்போர் இதனையும் மறுக்க இயலாது.

இன்னும் இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்லியாக வேண்டும். அவை அயல் மண்ணில் வாழும் நம்மைப் போன்றோர்க்கு மிகவும் பொருந்துவன. 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் வந்து, 12 அமர்வுகளில் கதை படித்தும் விளையாடியும் பேசிக்காட்டினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் மட்டும் அளித்தனர். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டை அறிந்துகொண்டன. திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை அறியவே இல்லை. நம் பிள்ளைக்கு ழகரமும் ளகரமும் பிரிந்து ஒலிப்பது எங்கிருந்து வரும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். மற்றோர் ஆய்வு 2014-இல் வெளியானது. இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்குப் புதுச் சொற்களைக் கற்பிக்க, முன்னரே பதிவு செய்த படம் உதவவில்லை. திரையில் தோன்றினும், குழந்தையின் பேச்சுக்கு அப்போதே மறுமொழி கூறும் ஆள் இருந்தபோது குழந்தை கற்றது. ஆக, குழந்தைக்கு வேண்டுவது மறுமொழி. அதனை நேரில் கூறினாலும் சரி, திரை வழியே கூறினாலும் சரி, கூறுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே ஆகாது என்றும், 2 முதல் 4 வயது வரை உள்ளோர்க்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்றும் அறிவுறுத்தியது. மறு ஆண்டே பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூடிற்று, அறிவுரை ஏட்டில் நின்றது, கைப்பேசி மழலையர் கையில் ஏறிற்று, இறங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு 3 முதல் 8 வயது வரை உள்ள குழந்தைகளுக்கென 'ஜாதூயி பிடாரா', அதாவது மாயப் பெட்டி, என்ற கல்விப் பெட்டியை வெளியிட்டபோது, அதனுள் விளையாட்டுப் பொருள்களும் பொம்மைகளும் புதிர்களும் பட அட்டைகளும் கதைகளும் இடம் பெற்றிருந்தன. செயற்கைக்கோள் யுகத்திலும் கைக்குத் தட்டுப்படும் பொருளுக்கு மதிப்புக் குறையவில்லை.

இனி நம் வீட்டுச் செய்தி ஒன்று. பிறரைக் குறை கூறுமுன் தம் குறை கூறுதல் முறையன்றோ? நம் இளைய மகளுக்கு வயது நான்கு. நாம் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் இருட்டிவிடும். இல்லாளுக்கு அடுக்களை வேலை. ஆகவே குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துப் பழக்கினோம். அகர வரிசைப் பாட்டு முழுவதையும் அவள் பாடக் கேட்டுப் பூரித்தோம். ஒருநாள் அச்சிட்ட அரிச்சுவடி ஒன்றை அவள் முன் வைத்தோம். 'அ' என்னும் எழுத்தின்மேல் விரலை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளினாள். எழுத்து நகரவில்லை. மீண்டும் தள்ளினாள். பின்னர், "இது கெட்டுப்போச்சு" என்று இந்தியில் கூறிவிட்டு எழுந்து சென்றாள். கெட்டுப்போனது எது என்று நாம் அன்று இரவு முழுவதும் சிந்தித்தோம்.

அதே வாரம் மயிலாடுதுறையிலிருந்து நம் தாயார் கைப்பேசித் திரையில் தோன்றி, "சாப்பிட்டியாடி கண்ணு?" என்று கேட்டார். குழந்தை, "கா லியா" என்றாள். பாட்டிக்கு அது புரியவில்லை. பாட்டி சொன்ன அடுத்த வாக்கியம் பேத்திக்குப் புரியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தனர். அச்சிரிப்பு நமக்கு மகிழ்ச்சி தரவில்லை.

கோடை விடுமுறையில் தாயார் இங்கு வந்தார். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பேத்தியை மடியில் இருத்தி, அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதினார். 'அரிசி' என்றார், கையால் கலைத்தார், மீண்டும் எழுதினார். ஒரு மாதத்தில் உயிரெழுத்துப் பன்னிரண்டும் வந்துவிட்டன. ஊர் திரும்பிய பின்னும் தாயார் மாலைதோறும் கைப்பேசித் திரையில் தோன்றுகின்றார். இங்கே குழந்தை தாம்பாளத்தில் எழுதிக் காட்டுகின்றாள், அங்கே பாட்டி, "கொம்பு எங்கேடி?" என்று திருத்துகின்றார். எந்தத் திரை குழந்தையின் பேச்சைப் பறித்ததோ, அதே திரைதான் இன்று பாட்டியைக் கொண்டு வந்து சேர்க்கின்றது. திரையின்மேல் நமக்குப் பகை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

எனவே செயற்குழுவினர்க்கு நம் பணிவான கருத்து இது. திரையை வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கு முன் மணற்பலகைகள் செய்வோம். பணிமனை அன்பர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு விடுமுறை நாளில் பத்துப் பலகைகள் அமைந்துவிடும். வகுப்பில் திரை ஓடுவது கால் மணி நேரத்துக்கு மேற்பட வேண்டா; ஓடும்போதும் ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒருவராகப் பெரியோர் அருகில் அமர்ந்து, "இது என்ன? உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று தமிழில் கேட்டுப் பேச வேண்டும். திரையின் மீதிப் பயனை ஊரிலுள்ள தாத்தா பாட்டிமார்க்கு அளிப்போம். வாரம் ஒருவர் அதில் தோன்றி நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும். பிள்ளைகள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கட்டும். அவர் விடை கூறட்டும்.

இவற்றுள் பணம் வேண்டுவது திரைக்கு மட்டுமே. அதனை நன்கொடையால் ஈட்டிவிடலாம். அருகில் அமரும் பெரியோரை நன்கொடையால் ஈட்ட இயலாது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை விட்டுத்தர முன்வருவோரின் பெயர்ப் பட்டியலைச் சங்க அலுவலகத்தில் வைக்குமாறு செயலாளரை வேண்டியுள்ளோம். முதற் பெயராக நம் பெயரை எழுதியிருக்கின்றோம். அதன் கீழே இடம் நிறைய இருக்கின்றது.